இடிந்த வீட்டை எவர்க்காகக் கட்டினர்?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்நாட்டுப் போரில் இடிந்துபோன ஒரு நாட்டை மீண்டும் எவ்வாறு கட்டுவது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். இதைப் பொதுப்படப் பேசினால் அழகிய சொற்களே மிஞ்சும். அமைதி, ஒற்றுமை, மன்னிப்பு, மறதி என்று எவரும் மறுக்கவியலாத சொற்களை அடுக்கிவிட்டு நாம் கலைந்து போகலாம். அதில் எனக்கு விருப்பமில்லை. ஆகலின் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கின்றேன். அஃது அமெரிக்க ஒன்றிய நாடு. 1861 முதல் 1865 வரை அங்கு உள்நாட்டுப் போர் நடந்தது. அதன்பின் 1877 வரை அந்நாட்டை எவ்வாறு கட்டுவது என்னும் கருத்துப்போர் நடந்தது. அக்கருத்துப்போரில் எந்தெந்தக் கொள்கைகள் மோதின, எது வென்றது, வென்றதன் விலையை யார் கொடுத்தார் என்பதே என் உரை.

கடல் கடந்த அந்தப் போர் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்நாளில் தென் அமெரிக்க மாநிலங்களின் துறைமுகங்களை வடவர் கப்பற்படை அடைத்தபோது, இங்கிலாந்தின் ஆலைகள் பருத்திக்கு ஏங்கி நம் பக்கம் திரும்பின. திருநெல்வேலிப் பருத்திக்கும் கோவைப் பருத்திக்கும் திடுமென விலை ஏறிற்று. போர் முடிந்ததும் விலை இறங்கிற்று. அடிமையின் கண்ணீரில் விளைந்த பருத்தியும் நம் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியும் ஒரே துலையில் நிறுக்கப்பட்டன. அந்த அளவுக்கேனும் அது நம் கதையே.

மாநில உரிமை என்னும் போர்வை

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுகின்றேன். 1860 திசம்பர் 20ஆம் நாள் தென்கரோலினா மாநிலம் ஒன்றியத்தினின்று பிரிந்தது. அதனைத் தொடர்ந்து மொத்தம் பதினொரு தென்மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டரசு அமைத்தன. வடக்கு, தெற்கு என்னும் சொற்கள் நம் காதில் விழும்போதே நம் உள்ளம் தெற்கின் பக்கம் சாயும். ‘பிரிந்து போக விரும்பியவர்களை வடக்குப் படை கொண்டு அடக்கிவிட்டது, நம் பரிவு தெற்குக்கே உரியது’ என்று நம்மில் சிலர் கருதவும் கூடும்.

பிரிந்தவர்களே தம் வாயால் சொன்னதைக் கேளுங்கள். 1861 சனவரியில் மிசிசிப்பி மாநிலம், தான் பிரிவதற்குக் கரணியம் காட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றப் பிணைந்தது என்று அவ்வறிக்கை தொடக்கத்திலேயே சாற்றிற்று. அவ்வாண்டு மார்ச்சு 21ஆம் நாள் தென்னவர் கூட்டரசின் துணைத்தலைவர் அலெக்சாந்தர் இசுடீபன்சு சவானா நகரில் பேசினார். கறுப்பர் வெள்ளையர்க்கு நிகரல்லர் என்பதே தம் புதிய அரசின் மூலைக்கல் என்று அவர் கூச்சமின்றிக் கூறினார்.

இன்னொன்றும் கேளுங்கள். மாநில உரிமை பேசிய இதே பண்ணையார்கள் 1850இல் என்ன செய்தனர்? வடமாநிலங்களுக்குத் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருவதற்கு நடுவணரசின் கையால் கடுஞ்சட்டம் இயற்றச் செய்தனர். அடிமையைப் பிடித்துக்கொடுக்க மறுத்த வடமாநிலங்களின் உரிமை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தென்கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். பிரிவதா, இணைவதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. பெரும்பான்மை மக்களின் வாயைக் கட்டிவிட்டு அம்மக்களின் பெயரால் கேட்ட தன்னாட்சி அது.

தன்னாட்சி நமக்கு உயிர்க்கொள்கை. அதனாலேயே அதன் போலியை அடையாளம் காணும் கடமை மற்றவர்களைவிட நமக்கு மிகுதி. தன்னாட்சி கேட்பவன் தன்னினும் எளியவனுக்கு என்ன தருகின்றான் என்பதே உரைகல். அந்த உரைகல்லில் தென்னவர் கூட்டரசு பித்தளையாகவே நின்றது.

நான்கு வினாக்கள்

1865 ஏப்பிரல் 9ஆம் நாள் தென்னவர் படைத்தலைவர் இலீ சரணடைந்தார். ஆறு இலக்கத்திற்கும் மேற்பட்ட படைமறவர்கள் மாண்டிருந்தனர். தெற்கில் இருப்புப்பாதைகள் பெயர்க்கப்பட்டிருந்தன; நகரங்கள் எரிந்திருந்தன; கூட்டரசின் பணம் குப்பைத்தாளாகி இருந்தது. ஏறத்தாழ 40 இலக்கம் அடிமைகள் விடுதலை பெற்று நின்றனர். அவர்களுக்குக் குடிசை சொந்தமில்லை; நிலம் சொந்தமில்லை; பலர்க்குத் தம் பிள்ளைகள் எங்கு விற்கப்பட்டனர் என்பதுகூடத் தெரியாது.

அப்பொழுது நான்கு வினாக்கள் எழுந்தன. பிரிந்த மாநிலங்கள் ஒன்றியத்துக்குள் இருக்கின்றனவா, வெளியில் இருக்கின்றனவா? படையெடுத்தவர்களை ஒறுப்பதா, மன்னிப்பதா? இதை முடிவு செய்பவர் குடியரசுத் தலைவரா, பேராயமா? விடுதலை பெற்றவர்களுக்கு நாடு என்ன கடன்பட்டிருக்கிறது? முதல் மூன்றையும் பற்றி மலைமலையாகப் பேசினர், எழுதினர். நாலாவது வினாவே அடிப்படை வினா. அதற்கு அவரவர் தந்த விடையைக் கொண்டே அவர்தம் கொள்கையை எடைபோட வேண்டும்.

இலிங்கன் வழி

ஆபிரகாம் இலிங்கன் 1863 திசம்பர் 8ஆம் நாளிலேயே தம் திட்டத்தை அறிவித்தார். ஒரு மாநிலத்தில் 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒப்போலை (வாக்கு) இட்டவர்களுள் பத்தில் ஒருவர் ஒன்றியத்துக்கு உண்மையாய் இருப்பதாக உறுதிமொழி எடுத்து, அடிமை ஒழிப்பை ஏற்றுக்கொண்டால் போதும். அம்மாநிலம் புதிய அரசு அமைத்துக்கொள்ளலாம் என்பது அத்திட்டம். அந்தப் பத்திலொருவர் வெள்ளையரே.

இது மிகவும் இளகிய திட்டம் என்று அன்றே பலர் சினந்தனர். 1864இல் வேடு, தேவிசு என்னும் இருவர் கொண்டுவந்த சட்டவரைவு பத்திலொன்று போதாது, பாதிக்கு மேல் வேண்டும் என்றது. இலிங்கன் அதில் கையொப்பமிடாமலே விட்டுவிட்டார். அவர்மீது குறைகூறுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் திட்டம் போர் நடந்துகொண்டிருந்தபோது வகுத்தது. எதிரியின் அணியிலிருந்து ஆட்களைப் பிரித்திழுத்துப் போரை விரைந்து முடிப்பதற்கான கருவியாகவே அவர் அதைக் கருதினார். அவர் கருத்து வளர்ந்துகொண்டும் இருந்தது. 1865 ஏப்பிரல் 11ஆம் நாள் பேசிய பேச்சில், கல்வியறிவு உடைய கறுப்பர்க்கும் போரில் பணியாற்றிய கறுப்பர்க்கும் ஒப்போலை உரிமை தருவதைத் தாம் விரும்புவதாக வெளிப்படையாகக் கூறினார். அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டவர்களுள் ஒருவன் மூன்று நாள் கழித்து அவரைச் சுட்டான். அந்தக் கருத்து எவ்வளவு தொலைவு வளர்ந்திருக்கும் என்பதை வரலாறு நமக்குக் காட்டவில்லை.

சான்சன் வழி

அவருக்குப் பின் வந்தவர் ஆண்ட்ரூ சான்சன். தென்னசி மாநிலத்தவர், தையல் தொழிலாளியாய் இருந்து உயர்ந்தவர். பெரும் பண்ணையார்களை வெறுத்தவர். ஆயினும் கறுப்பர் தமக்கு நிகராவதை அதனினும் வெறுத்தவர்.

1865 மே 29ஆம் நாள் அவர் பொதுமன்னிப்பு அறிவித்தார். 20,000 தாலருக்கு மேல் உடைமையுள்ள பெருஞ்செல்வர்கள் தனித்தனியே விண்ணப்பித்து மன்னிப்புப் பெற வேண்டும் என்றார். விண்ணப்பங்கள் குவிந்தன; ஆயிரக்கணக்கானோர் மன்னிக்கப்பட்டனர். மன்னிப்போடு அவர்தம் நிலமும் திரும்பிற்று. மாநிலங்கள் பிரிந்ததே இல்லை, ஆட்கள்தாம் பிழை செய்தனர், ஆட்களை மன்னித்துவிட்டால் எல்லாம் பழையபடி நடக்கும் என்பது அவர் கொள்கை.

எல்லாம் பழையபடியே நடந்தது! 1865ஆம் ஆண்டின் இறுதிக்குள் மிசிசிப்பியும் தென்கரோலினாவும் கறுப்பர்க்கென்று தனிச் சட்டங்கள் இயற்றிவிட்டன. மிசிசிப்பியில் ஒவ்வொரு கறுப்பரும் ஆண்டுதோறும் சனவரியில் தமக்கு வேலை உண்டு என்று எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவர் ஊர்சுற்றி எனப்பட்டுத் தண்டம் இறுக்க வேண்டும். இறுக்க முடியாவிடில் தண்டத்தைக் கட்டுபவர்க்கு உழைக்க வேண்டும். ஊர்ப்புறத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் உரிமையில்லை. தென்கரோலினாவில் உழவும் வீட்டு வேலையும் தவிர வேறு தொழில் செய்யும் கறுப்பர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி இசைவு பெற வேண்டும். விற்பனை ஒன்று நீங்கலாக அடிமை முறையின் உறுப்புகள் பலவும் வேறு பெயரில் திரும்பி வந்தன.

அம்மட்டோ? அலெக்சாந்தர் இசுடீபன்சு, அதே மூலைக்கல் பேச்சாளர், 1866 தொடக்கத்தில் சார்சியா மாநிலத்தின் சார்பில் ஒன்றிய மேலவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். வடமாநில மக்கள் விழித்துக்கொண்டனர். தம் பிள்ளைகளைப் புதைத்த மண் உலருமுன் தோற்றவர்கள் ஆட்சி மன்றத்துக்கு வருகின்றனரே என்று கொதித்தனர். பேராயம் அவர்களுக்கு இருக்கை தர மறுத்துவிட்டது.

தீவிரர் வழி

இங்குதான் மூன்றாவது கருத்தினர் முன்வந்தனர். ‘தீவிரர்’ என்று பெயர் பெற்ற குடியரசுக் கட்சியினர் அவர்கள். கீழவையில் தாடியசு இசுடீவன்சும் மேலவையில் சார்லசு சம்னரும் அவர்தம் தலைவர்கள். பிரிந்த மாநிலங்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டன, அவற்றை ஆளும் பொறுப்பு பேராயத்தையே சாரும் என்றார் சம்னர். அவை போரில் வென்ற நிலங்கள், அவற்றுக்குப் பழைய உரிமை எதுவும் இல்லை என்றார் இசுடீவன்சு.

இசுடீவன்சு கேட்டதன் உயிர்நாடி நிலம். 1865 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் இலங்காசுட்டர் நகரில் அவர் தம் திட்டத்தை விளக்கினார். கிளர்ச்சித் தலைவர்களின் பெரும்பண்ணைகளை அரசு எடுத்து, விடுதலை பெற்ற, அகவை நிறைந்த ஒவ்வோர் ஆடவர்க்கும் 40 ஏக்கர் தர வேண்டும். எஞ்சியதை விற்றுப் போர்க்கடனை அடைக்க வேண்டும் என்றார். பண்ணையும் பண்ணையாரும் அப்படியே இருக்கச் சட்டத்தை மட்டும் மாற்றினால் எதுவும் மாறாது என்பது அவர் துணிபு.

‘உடைமையைப் பறிப்பதா!’ என்று அவர் கட்சியினரே நடுங்கினர். அந்த நடுக்கத்தை நாம் சற்று உற்று நோக்க வேண்டும். 1862 ஏப்பிரலில் தலைநகர் வாசிங்டனில் அடிமை முறையை ஒழித்தபோது, அடிமை ஒருவர்க்கு 300 தாலர் வரை இழப்பீடு வழங்கினர். யாருக்கு? அடிமையை வைத்திருந்தவனுக்கு! அதே ஆண்டு மே மாதம் இயற்றிய சட்டத்தின்படி மேற்கில் குடியேறுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் விலையின்றித் தரப்பட்டது. இருப்புப்பாதைக் குழுமங்களுக்குக் கோடிக்கணக்கான ஏக்கர் வாரி வழங்கப்பட்டது. அந்த நிலமும் அம்மண்ணின் முதற்குடிகளிடமிருந்து பறித்த நிலமே. வெள்ளையர்க்குத் தரும்போது நிலம் நாட்டு வளர்ச்சி எனப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவர்க்குத் தர வேண்டும் என்றபோது அது கொள்ளை எனப்பட்டது.

எதிர்த்தோரின் கருத்தையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். பதினொரு மாநிலங்களை எத்துணைக் காலம் துப்பாக்கி முனையில் ஆள்வது? தோற்றவனை அளவுக்கு மீறி அழுத்தினால் வஞ்சம் வளராதா? இவை புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல. போரில் களைத்த மக்கள் வீடு திரும்ப விரும்புவதும் இயற்கையே. ஆனால் வஞ்சம் வளருமே என்று அஞ்சியவர்கள், அந்த வஞ்சம் யார் முதுகில் இறங்கிற்று என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

விடுதலை பெற்றோர் வழி

இதுவரை சொன்னவை எல்லாம் வெள்ளைத் தலைவர்களின் கருத்துகள். விடுதலை பெற்றவர்கள் என்ன கேட்டனர்? அவர்களிடமும் ஒருமுறை கேட்கப்பட்டது. கேட்டபோது அவர்கள் தந்த விடையைவிடத் தெளிவான விடை இந்தக் கருத்துப்போர் முழுவதிலும் இல்லை.

1865 சனவரி 12ஆம் நாள் சவானா நகரில் படைத்தலைவர் செர்மனும் போர்த்துறைச் செயலர் இசுடான்டனும் கறுப்பின இறைப்பணியாளர் இருபதின்மரை அழைத்து வினவினர். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் பிரேசியர் என்னும் 67 அகவை முதியவர். தம்மையும் தம் மனைவியையும் 1,000 தாலர் கொடுத்து விலைக்கு மீட்டுக்கொண்டவர். அடிமைத்தனம் என்பது ஒருவன் உழைப்பை அவன் இசைவின்றி வலிமையால் பறிப்பது என்று அவர் விளக்கினார். எங்களை நாங்களே காத்துக்கொள்ள எங்களுக்கு நிலம் வேண்டும், அதை உழுது பயன்கொண்டு, பின் விலை கொடுத்து எங்களுடையதாக்கிக் கொள்வோம் என்றார். வெள்ளையரோடு கலந்து வாழ்வீர்களா, தனித்து வாழ்வீர்களா என்று கேட்டனர். எங்கள்மீதுள்ள வெறுப்பு நீங்கப் பல்லாண்டு ஆகும், ஆதலால் தனித்து வாழவே விரும்புகின்றோம் என்றார். ஒருவர் மட்டும் கலந்து வாழ்தலே நன்று என்று வேறுபட்டார். மற்ற அனைவரும் முதியவரோடு ஒப்பினர். ஒரே கூட்டத்துள்ளும் கருத்து வேற்றுமை இருந்தது. நிலம் வேண்டும் என்பதில் மட்டும் எவர்க்கும் வேற்றுமை இல்லை.

நான்கே நாளில், சனவரி 16ஆம் நாள், செர்மன் ஆணையிட்டார். தென்கரோலினாவின் சார்லசுட்டனுக்குத் தெற்கே கடலோரத் தீவுகளும், பண்ணையார்கள் கைவிட்டோடிய நெல்வயல்களும் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் பிரித்துத் தரப்பட்டன. ஏறத்தாழ 40,000 மக்கள் அந்நிலத்தில் குடியேறினர்; உழுதனர்; விதைத்தனர். ஆம், நம்மைப் போல் நெல் விளைவித்த மக்கள் அவர்கள்.

அறுவடை முடிந்ததும் முடியாததுமாய்ச் சான்சனின் மன்னிப்பு வந்து நின்றது. மன்னிப்புப் பெற்ற பண்ணையார்க்கு நிலம் திரும்ப வேண்டும் என்றார் குடியரசுத் தலைவர். அக்கொடுஞ்செய்தியைச் சொல்லும் கடமை, விடுதலை பெற்றோர் நலப் பணியகத்தின் தலைவர் ஓவார்டின்மீது விழுந்தது. அவர் நல்லவர், போரில் வலக்கையை இழந்தவர். 1865 அக்டோபரில் எடிசுட்டோ தீவில் கூடியிருந்த மக்களிடம், நிலத்தை விட்டுக்கொடுங்கள், பண்ணையார்களை மன்னியுங்கள் என்று வேண்டினார். மக்கள் எழுத்து வடிவில் விடை தந்தனர். அதன் கருத்து இது: நீங்கள் போரில் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி முப்பத்தொன்பது அடி அடித்தவன், என் தாயையும் தமக்கையையும் அடித்தவன், இன்று என் நிலத்தையும் எடுத்துக்கொண்டு மீண்டும் என்னைத் தன்கீழ் வைக்க முயல்பவன்; அவனை நான் எவ்வாறு மன்னிப்பது?

பெரியோர்களே! நாடு கட்டுதல் பற்றிய நூல்கள் எத்தனையோ எழுதப்பட்டுவிட்டன. எடிசுட்டோ உழவர்களின் இவ்வினாவுக்கு விடை சொல்லாத எந்த நூலும் முழுமை பெறாது. மன்னிப்பு என்பது அடிபட்டவன் தருவது. அடித்தவனும், பார்த்துக்கொண்டிருந்தவனும் தமக்குள் கொடுத்து வாங்கிக்கொள்வதற்கு மன்னிப்பு என்று பெயரில்லை.

பத்தாண்டு விடியல்

ஆயினும் எல்லாம் இருளாகவே இருக்கவில்லை. 1866 மே மாதம் மெம்பிசு நகரில் 46 கறுப்பர் கொல்லப்பட்டனர். சூலையில் நியூ ஆர்லியன்சிலும் குருதி ஓடிற்று. வடக்கு சினந்தெழுந்தது. சான்சனின் மறுப்பையும் மீறிப் பேராயம் 1866இல் குடியுரிமைச் சட்டத்தையும், 1867 மார்ச்சு 2ஆம் நாள் மீள்கட்டுமானச் சட்டத்தையும் நிறைவேற்றிற்று. தென்னசி நீங்கலாகப் பத்து மாநிலங்கள் ஐந்து படைமாவட்டங்களாயின. 1868இல் சான்சன்மீது குற்றச்சாட்டு மேலவைக்கு வந்து, ஒரே ஒரு வாக்குக் குறைவால் அவர் தப்பினார். அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தம் 1865இலும், பிறந்த மண்ணின் குடியுரிமையும் சட்டத்தின்முன் ஒப்புமையும் தந்த 14ஆம் திருத்தம் 1868இலும், நிறத்தைக் காட்டி ஒப்போலை உரிமையை மறுக்கலாகாது என்ற 15ஆம் திருத்தம் 1870இலும் நிலைபெற்றன.

பயன் உடனே தெரிந்தது. ஏழு இலக்கத்திற்கும் மேற்பட்ட கறுப்பர் வாக்காளராகப் பதிந்தனர். தென்னவர் கூட்டரசின் தலைவர் செபர்சன் தேவிசின் மாநிலமான மிசிசிப்பியிலிருந்து 1870இல் ஈராம் இரெவல்சு என்னும் கறுப்பர் ஒன்றிய மேலவைக்குச் சென்றார். அக்காலத்தில் 16 கறுப்பர் பேராய உறுப்பினராயினர். தென்கரோலினாவின் கீழவையில் கறுப்பரே பெரும்பான்மையர். எழுத்தறிவு பெறுவதே குற்றமாக இருந்த மண்ணில் பொதுப்பள்ளிகள் தோன்றின. பாட்டியும் பெயர்த்தியும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துக் கற்றனர்.

நம் பக்கத்து மராட்டிய மண்ணிலும் அவ்விடியலின் ஒளி விழுந்தது. 1873இல் சோதிராவ் பூலே, சாதிக்கொடுமையைச் சாடித் தாம் எழுதிய ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கே படையலாக்கினார். அதே 1873ஆம் ஆண்டு அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதை இனிக் கேளுங்கள்.

இருள் திரும்பிய வகை

உரிமை தாளில் இருந்தது. நிலம் பண்ணையாரிடம் இருந்தது. துப்பாக்கியும் அவரிடமே இருந்தது. தென்னசியில் தோன்றிய கூ கிளக்சு கிளான் என்னும் முகமூடிக் கூட்டம் இரவில் வந்து வீடுகளை எரித்தது. கறுப்பின ஆசிரியர்களையும் அவர்க்குத் துணைநின்ற வெள்ளையரையும் வேட்டையாடிற்று. குடியரசுத் தலைவர் கிராண்டு 1871இல் படையை விடுத்து அதை ஒடுக்கினார். ஆனால் வேறு பெயர்களில் வேறு கூட்டங்கள் எழுந்தன. 1873 ஏப்பிரல் 13ஆம் நாள் இலூசியானாவின் கோல்பாக்சு என்னும் ஊரில், சரணடைந்தவர்களையும் சேர்த்துக் கறுப்பர் பலர் கொல்லப்பட்டனர். 60 முதல் 150 பேர் வரை என்று கணக்கிடுவர். கொன்றோர்மீது நடந்த வழக்கில் 1876இல் தலைமை முறைமன்றம் சொன்ன தீர்ப்பு என்ன? 14ஆம் திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாள் செய்யும் கொடுமையை ஒன்றியம் தண்டிக்கவியலாது என்பது. மாநில உரிமை என்னும் போர்வை மீண்டும் கொலைகாரர்களுக்குக் கிடைத்தது.

1873இல் வடக்கில் பொருளியல் சரிவு வேறு. வேலையிழந்த வடவர்க்குத் தெற்கின் அழுகுரல் சலித்துவிட்டது. 1876ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் சிக்கலாயிற்று. பதினைவர் குழு எட்டுக்கு ஏழு என்று தீர்த்து, 185க்கு 184 என ஒரே ஒரு வாக்கால் எயிசு வென்றதாக அறிவித்தது. 1877 ஏப்பிரலில் தென்கரோலினா, இலூசியானா அரசு மனைகளைக் காத்துநின்ற ஒன்றியப் படை பாசறைக்குத் திரும்பிற்று. வடவர்க்கு ஆட்சி, தென்னவர்க்குத் தன் வீட்டில் தன் விருப்பம். இருவரும் கைகுலுக்கினர். அக்கைகளுக்குக் கீழே 40 இலக்கம் மக்களின் கழுத்து இருந்தது.

பின் நடந்ததை விரித்துரைக்க வேண்டா. நிலமில்லாதவர் வாரக்குடிகளாயினர். விதை, உரம், ஏர்மாடு, மளிகை அனைத்தும் பண்ணையாரிடமோ கடைக்காரரிடமோ கடன். அறுவடைக்குப்பின் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் ஊரில் சொல்வர். அங்கு கணக்கேடும் அவன் கையில் இல்லை. 1890இல் மிசிசிப்பி மாநிலம் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்துக் கறுப்பரின் ஒப்போலையைப் பறிக்க வழி காட்டிற்று. இலூசியானாவில் 1896இல் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர் 1904இல் 1,342 பேராயினர். தனித்தனி ஆனால் ஒப்பு என்னும் பொய்க்கு 1896இல் முறைமன்றம் முத்திரையிட்டது. தாளில் இருந்த உரிமை மண்ணில் இறங்க 1964, 1965ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் எத்தனையோ உயிர் பலியாயிற்று. 1865இல் அடிமை ஒழிப்புத் திருத்தத்தை ஏற்க மறுத்த மிசிசிப்பி, அதை ஏற்றுத் தீர்மானித்தது 1995இல். அவ்வேற்பு முறைப்படி பதிவானது 2013இல்!

சொற்போர்

தோற்றவர்கள் போர்க்களத்தில் தோற்றனர், ஏட்டில் வென்றனர். கறுப்பரின் உரிமையைப் பறித்த கட்சியினர் தமக்கு ‘மீட்பர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டனர். பள்ளி திறக்க வந்த வடவர்க்கும், கறுப்பரோடு ஒத்துழைத்த தென்னாட்டு வெள்ளையர்க்கும் இழிபெயர் வைத்தனர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் தன்னிங் என்னும் பேராசிரியரும் அவர் மாணவரும், மீள்கட்டுமானம் என்பது அறியாதவர் கையில் ஆட்சியைக் கொடுத்த அவலம் என்று நூல் எழுதினர். 1915இல் திரைப்படமும் முகமூடிக் கொலைஞரை மறவராகக் காட்டிற்று. கோல்பாக்சில் அரசே 1950களின் தொடக்கத்தில் ஒரு பலகை நட்டு, அக்கொலையைக் கலவரம் என்றும் தீயாட்சியின் முடிவு என்றும் எழுதிவைத்தது. அப்பலகை அகற்றப்பட்டது 2021இல்தான்.

இப்பொய்மதிலில் முதற்பெரும் உடைப்பை உண்டாக்கியவர் தூ பாய்சு என்னும் கறுப்பினப் பேரறிஞர். 1935இல் வெளிவந்த தம் பெருநூலில், அந்தப் பத்தாண்டை மக்களாட்சிக்கான முயற்சியாக அவர் எழுதிக் காட்டினார். அரை நூற்றாண்டு கழித்து, 1988இல் எரிக் போனர் எழுதிய நூலோடு அப்பார்வையே அறிஞரிடை நிலைபெற்றது. சொல்லை ஆள்பவன் வரலாற்றை ஆள்கின்றான்; வரலாற்றை ஆள்பவன் நாளைய சட்டத்தையும் ஆள்கின்றான். சொல்லின் அருமை அறிந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அளவுகோல்

அன்பர்களே! இனி நான் கூறியவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன். இலிங்கன் வழி போரை முடிக்கும் வழி. சான்சன் வழி பழையதை மீட்கும் வழி. தீவிரர் வழி சட்டத்தால் கட்டும் வழி. அவர்களுள் இசுடீவன்சு போன்ற சிலரே மண்ணிலிருந்து கட்ட முனைந்தனர். சவானாவிலும் எடிசுட்டோவிலும் பேசிய மக்களின் வழியோ அடித்தளம் இட்டுக் கட்டும் வழி. அவ்வழியை நாடு ஓராண்டுகூடச் செல்லவிடவில்லை. நிலம், ஒப்போலை, உயிர்க்காப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டியிருந்தன. இரண்டாவதைத் தந்தனர், முதலாவதைத் தந்து பறித்தனர், மூன்றாவதைப் பத்தாண்டில் விலக்கிக்கொண்டனர். முதலும் மூன்றும் போனதும் இரண்டாவதும் தானே போயிற்று.

ஆகவே, போர் முடிந்த எந்த நாட்டிலும் ஒற்றுமை மலர்ந்துவிட்டது என்று எவரேனும் முழங்கினால், மூன்று வினாக்களைக் கேளுங்கள். போருக்குமுன் ஒடுக்கப்பட்டிருந்தவன் இன்று தன் நிலத்தில் நிற்கின்றானா? அவன் கருத்து எண்ணப்படுகின்றதா? இரவில் அவன் வீட்டுக்கதவு தட்டப்பட்டால் அச்சமின்றித் திறக்கின்றானா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை வருமானால் அங்கு நாடு கட்டப்பட்டிருக்கிறது. இல்லை என்னும் விடை வருமானால், அங்கு இடிபாட்டின்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கிறது.

தாடியசு இசுடீவன்சு 1868இல் மறைந்தார். நிறம் பார்த்துப் புதைக்கும் இடுகாடுகளை மறுத்து, எந்நிறத்தார்க்கும் இடம் தந்த ஒரு சிறு இடுகாட்டில் தம்மைப் புதைக்குமாறு அவர் முன்பே ஏற்பாடு செய்திருந்தார். வாழ்நாளில் தம் நாட்டில் காண முடியாத ஒப்புமையைத் தம் கல்லறையிலேனும் நிலைநாட்டிச் சென்றார். கல்லறையில் கிடைக்கும் ஒப்புமை போதும் என்று எந்த மக்களும் இருந்துவிடலாகாது. அது வாழும் வீட்டில் வேண்டும். உழும் நிலத்தில் வேண்டும். பயிலும் பள்ளியில் வேண்டும். அதை நாடுவோர் எந்நாட்டாராயினும் அவர் நம்மவர்.